1867: பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் கல்கத்தாவை விட்டுப் பிரிந்த ஆண்டு

கேள்வி இதுதான்: "பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867இல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின என்று படித்தேன். முன்பு ஆண்டதும் வெள்ளைக்காரன், பிறகு ஆண்டதும் வெள்ளைக்காரன். அப்படியிருக்க அந்த ஒரு வருஷத்தில் ஊர் வாழ்க்கையில் என்னதான் மாறிவிட்டது? நம் ஆட்களுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?"

மாறியது நிறைய. மாறும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நம் ஆட்களுக்கு இதில் பங்கு உண்டா என்றால், சேதி அறியாமலே பெரிய அளவில் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்த மூன்று ஊர்களும் எப்படி ஒரே கட்டாக ஆயின என்பதைப் பார்ப்போம். 1786இல் கெடா சுல்தானிடமிருந்து பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாங்கியவர் பிரான்சிஸ் லைட். 1800இல் எதிர்க்கரையில் இருந்த நிலப்பகுதியும் சேர்ந்தது. அதற்கு வெல்லஸ்லி மாகாணம் என்று பெயர். இன்றைய செபராங் பிறை. 1819இல் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கினார். 1824 ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் மலாக்காவை விட்டுக்கொடுத்தார்கள். 1826இல் கம்பெனி இவற்றை ஒன்றாகச் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயர் வைத்தது. தலைமையிடம் முதலில் பினாங்கு, 1832 முதல் சிங்கப்பூர். ஆனால் மேலிடம் கல்கத்தா. சட்டம் அங்கே எழுதப்பட்டது, அதிகாரிகள் அங்கிருந்து வந்தார்கள். 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்த பிறகும் இந்த ஏற்பாடு அப்படியே நீடித்தது.

சிங்கப்பூர் வியாபாரிகளுக்கு இது ஒத்துவரவில்லை. அவர்களுடைய கடல் கிழக்கே திரும்பியிருந்தது. சீனா, சயாம், ஜாவா, போர்னியோ என்று எல்லா வியாபாரமும் வெள்ளி டாலரில் நடந்தது. ஸ்பானிய டாலர், மெக்சிகோ டாலர். கடைத்தெருவில் டாலரும் சென்ட்டும் புழங்க, அரசாங்கக் கச்சேரியில் மட்டும் கணக்கு ரூபாய், அணா, பைசாவில் எழுதப்பட்டது. இந்தக் கோளாறைச் சரிசெய்கிறேன் என்று கல்கத்தா 1855இல் ரூபாயை அங்கே சட்டப்படி செல்லும் பணமாக்கச் சட்டம் போட்டது. வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். சிங்கப்பூரின் உயிர்நாடியே வரியில்லாத் துறைமுகம் என்பதுதான். அங்கே வரும் கப்பலுக்குக் கட்டணம் விதிக்கலாமா என்ற யோசனையும் கல்கத்தாவில் அவ்வப்போது தலைகாட்டியது. இவ்வளவுக்கும் கல்கத்தாவின் சட்டசபையில் இந்த ஊர்களுக்காகப் பேச ஒரு ஆள்கூடக் கிடையாது.

அப்புறம் கைதிகள். இந்தியாவில் நாடுகடத்தல் தண்டனை பெற்றவர்களைக் கம்பெனி பல ஆண்டுகளாகப் பினாங்குக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. சென்னை, வங்காளம், பம்பாய் என்று மூன்று மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சாலை, பாலம், கால்வாய், அரசுக் கட்டடம் எல்லாம் அவர்கள் கையால் எழுந்தவை. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை யாராவது போய்ப் பார்த்தால் உள்சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகு தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பூச்சு அது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேலைப்பாடு புதிதல்ல. அதற்கு அங்கே மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே பெயர். தேவாலயம் 1862இல் அர்ச்சிக்கப்பட்டது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாமல் போயிற்று என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

தொடக்கத்தில் இந்த இலவச உழைப்பை வியாபாரிகள் வரவேற்றார்கள். ஊர் பெருகி வளம் வந்ததும், "எங்கள் ஊரைச் சிறைச்சாலைக் குப்பை கொட்டும் இடமாக்காதீர்கள்" என்ற பேச்சு எழுந்தது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்க் கலகம் மூண்டபோது அந்தப் பயம் உச்சத்துக்குப் போயிற்று. கலகத்தில் பிடிபட்டவர்களை இங்கே அனுப்பிவிடுவார்களோ, இங்கிருக்கும் கைதிகள் கிளர்ந்தெழுவார்களோ என்று வெள்ளையர்கள் தூக்கமிழந்தார்கள். அதே ஆண்டில் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்ட இந்தியச் சட்டம் இங்கேயும் செல்லும் என்று ஆனது. 1857 செப்டம்பரில் சிங்கப்பூரில் பொதுக்கூட்டம் போட்டு, எங்களை இந்தியாவிடமிருந்து பிரித்து நேரடியாக ஆளுங்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினார்கள்.

மனு போய்ச் சேர்ந்தது. முடிவு வரப் பத்து வருஷம் ஆனது. லண்டனில் யாரும் இதைக் கொள்கையளவில் எதிர்க்கவில்லை. செலவை யார் ஏற்பது என்பதில்தான் இழுபறி. இந்திய அமைச்சகம், காலனி அமைச்சகம், போர் அமைச்சகம், கருவூலம் நான்கும் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தன. வரவு செலவு கட்டிவராத காலனியை ஏற்க முடியாது என்று காலனி அமைச்சகம் கறாராகச் சொல்லிவிட்டது. 1863இல் முத்திரைத்தாள் வரி வந்த பிறகுதான் வருமானம் நிமிர்ந்தது. ஹாங்காங் கவர்னர் ஹெர்குலிஸ் ராபின்சனை அனுப்பி நிலவரம் பார்த்தார்கள். கடைசியில் 1866 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 1867 ஏப்ரல் 1 முதல் மூன்று ஊர்களும் அரசியின் நேரடிக் காலனி.

இந்தியாவின் சார்பில் இருந்த கடைசி கவர்னர் ஓர்ஃபர் கேவனா. மகாராஜ்பூர் போரில் ஒரு காலை இழந்த படைவீரர். வியாபாரிகளோடு இணக்கமாகப் போகத் தெரிந்தவர், ஊர் அவரை விரும்பியது. அவருக்குப் பிறகு வந்த ஹாரி செயின்ட் ஜார்ஜ் ஆர்டும் ராணுவக்காரர்தான், பொறியாளர் படையைச் சேர்ந்தவர். பெர்முடாவில் கவர்னராக இருந்துவிட்டு மார்ச் மாதம் சிங்கப்பூர் வந்தார். ஏப்ரல் 1ஆம் தேதி நகர மண்டபத்தில் பதவிப் பிரமாணம் எடுத்தார். பத்து வருஷம் போராடி வாங்கியதல்லவா, வியாபாரிகள் மகிழ்ச்சியோடு கூடினார்கள்.

மனுவின் உள்ளாசை, ஊர் நிர்வாகத்தில் தங்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது. கிடைத்தது ஒரு சட்டமன்றம். ஆனால் எப்படிப்பட்ட சட்டமன்றம்? கவர்னர் தலைமை. தலைமை நீதிபதி, படைத் தளபதி, பினாங்கின் துணை கவர்னர், காலனிச் செயலர், அரசு வழக்கறிஞர் என்று அதிகாரிகள் பெரும்பான்மை. அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் சிலர் மட்டும், அவர்களும் கவர்னர் நியமித்தவர்கள். ஓட்டு என்ற பேச்சே இல்லை. பிரிவினைக்காக வருஷக்கணக்காகக் குரல் கொடுத்த வியாபாரி டபிள்யூ. எச். ரீட் அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என்ன பேசினாலும் கை தூக்கும் நேரத்தில் அரசாங்கம்தான் ஜெயிக்கும் என்று. அதிகாரிகள் தங்கள் சொந்த எண்ணப்படி வாக்களிக்கலாமா, கவர்னர் சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டுமா என்ற கேள்வியில் ஆர்டுக்கும் தலைமை நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல்லுக்கும் ஒத்துப்போகவே இல்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தச் சட்டமன்றத்தில் 1867இல் ஆசியர் ஒருவரும் கிடையாது. சிங்கப்பூரில் பெரும்பான்மை சீனர், அடுத்து மலாய்க்காரர், அப்புறம் இந்தியர். வெள்ளையர் ஒரு கைப்பிடி. ஊர் முழுக்க வாம்போவா என்று அறியப்பட்ட பெருவணிகர் ஹூ ஆ கே 1869இல் நியமிக்கப்பட்டதுதான் முதல் மாற்றம். இந்தியர் ஒருவர் அந்த மன்றத்தில் உட்கார 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று ஊர்களிலும் சேர்த்து 1871 கணக்கெடுப்பில் 3 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். அத்தனை பேருக்கும் நேரடி ஆட்சி வந்தது. ஆனால் ஆட்சியோடு பேச வழி வந்தது சில டஜன் வணிகக் குடும்பங்களுக்குத்தான்.

சரி, தெருவில் நடக்கிற சாதாரண ஆளுக்கு ஏப்ரல் 2ஆம் தேதி என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? பணம். ரூபாய் சட்டப்படி செல்லாது என்று ஆயிற்று. ஹாங்காங் நாணயச்சாலையின் டாலரும் ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலர்களும் அதன் இடத்துக்கு வந்தன. அதுவரை நடைமுறையில் இருந்ததைத்தான் சட்டம் ஏற்றுக்கொண்டது. சில்லறைக்கு மட்டும் பழைய செப்புக் காசே ஓடியது. 1862 என்று ஆண்டு பொறித்த ஒரு சென்ட் காசை நாணயம் சேர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அதில் 'இந்தியா – ஸ்ட்ரெய்ட்ஸ்' என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். உறவு முறிந்த பிறகும் அந்தக் காசு சில ஆண்டுகள் கைமாறிக்கொண்டிருந்தது. இந்தியா என்ற பெயர் இல்லாத, காலனியின் சொந்தச் செப்புக்காசு வர 1870கள் பிறக்க வேண்டியிருந்தது.

தபால்தலை இன்னும் சுவாரசியம். 1854 முதல் அங்கே இந்தியத் தபால்தலைதான். சிங்கப்பூரில் ஒட்டிய தலைமேல் 172 என்ற எண் முத்திரை விழும், கல்கத்தா கொடுத்த எண் அது. ஏப்ரலில் ஆட்சி மாறியாயிற்று, ஆனால் புதிய தலை அச்சாகி வரவில்லை. விலையோ அணாவில், ஊர்ப் பணமோ சென்ட்டில். என்ன செய்தார்கள் தெரியுமா? இருந்த இந்தியத் தலைகளின் மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் விலையையும் அச்சடித்து, செப்டம்பர் 1 முதல் விற்றார்கள். அரையணா நீலத் தலை ஒன்றரை சென்ட் ஆயிற்று. ஓரணாப் பழுப்புத் தலைகளில் சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று, சிலவற்றில் நான்கு சென்ட். இரண்டணா மஞ்சள் தலையில் ஆறு, எட்டு, ஏன், 32 சென்ட்கூட அடித்தார்கள். கிரீடத்துக்கு அடியில் அதே விக்டோரியா முகம், அதே 'ஈஸ்ட் இந்தியா' என்ற எழுத்து. லண்டனில் அச்சான சொந்தத் தலை வருஷக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டின் முழுக் கதையும் இந்தத் துண்டுக் காகிதத்தில் இருக்கிறது: மேலே புது ஆட்சி, அடியில் பழைய இந்தியா.

ஆர்ட் மேல் வியாபாரிகளுக்குச் சீக்கிரமே கசப்பு வந்துவிட்டது. கவர்னருக்குச் சம்பளம் அதிகம், சவாரிக்கு நீராவிக் கப்பல், குடியிருக்கப் பெரிய மாளிகை என்று செலவு ஏறிக்கொண்டே போனது. வருமானத்தின் பெரும்பங்கு எங்கிருந்து? அபின் குத்தகையிலிருந்தும் சாராயக் குத்தகையிலிருந்தும். அதாவது துறைமுகத்தில் மூட்டை தூக்கிய, காட்டில் மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியர் செடியும் பயிரிட்ட சீனக் கூலி உடம்பு வலி மறக்கப் புகைத்த அபினில்தான் காலனி நடந்தது. இதைப் பற்றி அன்றைய வியாபாரிகள் கவலைப்பட்டதில்லை, செலவைப் பற்றித்தான் கவலை. பழைய சிங்கப்பூர்க்காரர்கள் 1868 ஜனவரியில் லண்டனில் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள், காலனி அமைச்சகத்தைக் கண்காணிக்க. கல்கத்தா நம்மைக் கவனிக்கவில்லை என்று புலம்பியவர்கள், இப்போது லண்டன் நம்மை அதிகமாகக் கவனிக்கிறது என்று புலம்ப ஆரம்பித்தார்கள்.

அந்த மாளிகையைக் கட்டியது யார் என்று கேட்டால், மறுபடி அதே இந்தியக் கைதிகள். 1867இல் ஆரம்பித்து 1869இல் முடிந்தது. காலனிப் பொறியாளர் மெக்நேர் வரைபடம் போட்டார். கைதிகளை மேற்பார்த்தவர்களும் பெரும்பாலும் நன்னடத்தையால் பதவி உயர்ந்த கைதிகளே. இன்று சிங்கப்பூர் அதிபரின் இஸ்தானா அந்தக் கட்டடம்தான். கைதிகளை அனுப்புவதை நிறுத்து என்று கேட்டுப் பெற்ற ஆட்சி, தன் முதல் பெரிய கட்டடத்தை அவர்கள் முதுகில் ஏறித்தான் கட்டியது. எஞ்சியவர்களை அந்தமானுக்கு மாற்றும் வேலை 1873 வரை நீடித்தது. தண்டனைக் காலம் முடிந்தவர்களில் பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே மாட்டுவண்டி ஓட்டியும் பால் விற்றும் பிழைத்துக்கொண்டார்கள்.

மலாக்காவைப் பற்றி இந்த ஆண்டில் அதிகம் சொல்ல இல்லை. அது ஏற்கெனவே பின்தங்கிப்போன பழைய துறைமுகம். பினாங்குக்கு வருவோம், 1867இன் உண்மையான நிகழ்வு அங்கேதான்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் மோதல் வெடித்தது. ஏறக்குறைய பத்து நாள் ஊர் யார் கையிலும் இல்லை. இதைச் சீனர் கலவரம் என்று சுருக்கிச் சொல்வார்கள், அது தவறான சுருக்கம். இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கமும் வெள்ளைக்கொடி என்ற முஸ்லிம் சங்கமும். எதிர்ப்பக்கம் தோ பே கோங் என்ற சீனச் சங்கமும் சிவப்புக்கொடி முஸ்லிம் சங்கமும். அதாவது சீனரும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்று, வேறு சீனரையும் வேறு முஸ்லிமையும் எதிர்த்தார்கள். கீ ஹின்னில் பெரும்பாலும் கேண்டன் பகுதிக்காரர்கள், ஆள்பலம் இருபதாயிரத்துக்கு மேல் என்று அன்றைய மதிப்பீடு. தோ பே கோங்கில் அதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அது ஹொக்கியன் (சீனாவின் ஃபூஜியான் பகுதி) வியாபாரிகளின் சங்கம், பணபலம் அங்கே. அதன் தலைவர் கூ தியன் தெக். சிவப்புக்கொடியை நடத்தியவர் அச்சே தெருவின் சையது முகமது அலட்டாஸ்.

இந்தக் கொடிகள் எங்கிருந்து வந்தன? முகரம் பண்டிகையிலிருந்து. சென்னை மாகாணத்திலிருந்து வந்த சிப்பாய்கள் முகரம் ஊர்வலத்தையும் கூடு தூக்குவதையும் வேஷம் கட்டிப் பாடுவதையும் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். பினாங்கில் இன்றும் ஆடப்படும் போரியாவின் வேர் அதில்தான். தெருவுக்குத் தெரு ஜமா சேர்ந்து, கொடி பிடித்து, ஒருவரை ஒருவர் போட்டியில் மிஞ்சப் பார்த்தார்கள். தமிழ் முஸ்லிம்கள், அவர்கள் மலாய்ப் பெண்களை மணந்து பிறந்த ஜாவி பெக்கான் மக்கள், மலாய்க்காரர்கள், அரபு வம்சத்தவர்கள் என்று எல்லாரும் இந்த ஜமாக்களில் இருந்தார்கள். ஊர்வலத்துக்காகச் சேர்ந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்புக்கும் பிழைப்புக்கும் ஆன சங்கமாயிற்று. சாவுச் செலவுக்குப் பணம் தரும், வழக்குக்கு ஆள் தரும், அடித்தால் திருப்பி அடிக்கும். சீனச் சங்கங்களும் அதே வேலையைத்தான் தங்கள் ஆட்களுக்குச் செய்தன. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டது இயல்புதான்.

ரம்புத்தான் தோலை எறிந்ததில் கிளம்பிய தகராறு இது என்று ஊரில் ஒரு கதை உண்டு. தோல் காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் வெடிமருந்து முன்பே நிரம்பிக் கிடந்தது. பக்கத்து மலாய் அரசான பெராக்கின் லாருட் ஈயச் சுரங்கங்களில் இதே சீனப் பிரிவுகள் மோதிக்கொண்டிருந்தன, அந்தப் பணமும் பகையும் பினாங்குக்குப் போய் வந்துகொண்டிருந்தன. ஊரில் படை குறைவாக இருந்த நேரம் வேறு. துணை கவர்னர் ஆன்சன் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கையில் இருந்த போலீஸை வைத்துக்கொண்டு, வெள்ளையர்களுக்கு அவசரக் காவலர் பதவி கொடுத்து, தெருக்களை அடைத்து, தலைவர்களை அழைத்துப் பேசிப் பேசித்தான் நாள் கடத்தினார். சிங்கப்பூரிலிருந்து கவர்னரும் துருப்பும் வந்த பிறகே ஊர் அடங்கியது. ஆர்மீனியன் தெரு, அச்சே தெரு, கேனன் தெரு என்று இன்று சுற்றுலாப் பயணிகள் சுவர் ஓவியத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளும் சந்துகள்தான் அன்றைய போர்க்களம். கேனன் தெருவின் பெயரே அந்தக் கலவரத்தில் வெடித்த பீரங்கியால் வந்தது என்று பினாங்கில் சொல்வார்கள்.

பிறகு விசாரணைக் குழு உட்கார்ந்து, 1868இல் அறிக்கை கொடுத்தது. சங்கங்களுக்கு அபராதம் விதித்தார்கள். அந்தப் பணத்தில் கலகம் நடந்த பகுதிகளிலேயே போலீஸ் நிலையங்கள் எழுந்தன. கூ தியன் தெக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, நிறைவேற்றினால் மறுபடி ஊர் பற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் குறைக்கப்பட்டது. அவர் வெளியே வந்து இன்னும் பெரிய பணக்காரராக வாழ்ந்தார். பினாங்கில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது.

புதிய சட்டமன்றத்தின் பதில், அமைதிப் பாதுகாப்புச் சட்டம். பிரிட்டிஷ் குடிமகன் அல்லாதவரை, கலகக்காரர் என்று கருதினால், காலனியை விட்டு வெளியேற்றலாம். தலைமுறைக்கும் அங்கே நிலைத்த நாடுகடத்தல் அதிகாரத்துக்கு அடி போட்டது இதுதான். 1869இல் சங்கங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. தடை செய்ய அரசுக்குத் துணிவில்லை. ஏனென்றால் சீனத் தெருவோடு பேச அரசாங்கத்துக்கு அந்தச் சங்கத் தலைவர்களை விட்டால் ஆளில்லை. சீன மொழி சரளமாகத் தெரிந்த அதிகாரி ஒருவரைச் சீனர் விவகாரங்களுக்கென்று நியமித்ததே 1877இல்தான்.

என் பார்வையில் 1867இன் பொதுவாழ்வு என்றால் இந்த ஆகஸ்ட் மாதத்தைத்தான் முதலில் சொல்வேன். சிங்கப்பூர் நகர மண்டபத்தில் கூடியவர்கள் தங்களைப் பொதுமக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையான பொதுமக்களின் வாழ்வு கொங்சி என்ற சீனச் சங்க வீட்டிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் மண்டபத்திலும் செட்டியார் கிட்டங்கியிலும் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் பாலமே போடாமல் ஆட்சி மாற்றினார்கள். நாலே மாதத்தில் அதன் விலை தெரிந்தது.

இனி நம் ஆட்கள். தமிழர் அங்கே புதியவர்கள் அல்ல. பினாங்கில் கம்பெனிக் கொடி ஏறிய காலத்திலிருந்தே சூலியா என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருக்கிறார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் அவர்கள் அடையாளம். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலை 1827இல் தொடங்கியவர் நாராயண பிள்ளை, ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்தவர். நகரத்தார் 1850களிலேயே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பி, வட்டித்தொழிலை ஊன்றிவிட்டார்கள். இவர்களுக்கெல்லாம் 1867 பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. எந்த நாணயம் ஓடினாலும் வட்டி கணக்குப் போடத் தெரிந்தவர்கள்.

அடி விழுந்தது கூலிகளுக்கு. வெல்லஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தஞ்சை, திருச்சி வட்டாரத்து ஏழைகள். கப்பல் செலவுக்கு முன்பணம் வாங்கி, அது கழியும் வரை தோட்டத்தில் உழைக்க வேண்டிய ஒப்பந்தக் கூலி. 1867 மார்ச் வரை பினாங்கு இந்தியாவின் ஒரு பகுதி. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போவது சட்டத்தின் கண்ணில் சென்னை போவது மாதிரித்தான். ஏப்ரல் 1 முதல் அது வெளிநாட்டுக் காலனி. இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டப்படி, அனுமதி பட்டியலில் இல்லாத காலனிக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவது குற்றம். பட்டியலில் மொரீஷியஸ் இருந்தது, மேற்கிந்தியத் தீவுகள் இருந்தன. நீரிணைக் குடியேற்றங்கள் இல்லை. ஒரே இரவில் சட்டப்படியான பயணம் சட்டவிரோதமாகிவிட்டது. பத்து வருஷம் கடிதப் போக்குவரத்து நடத்திய நான்கு அமைச்சகங்களும் இதை யோசிக்கவில்லை.

அடுத்த மூன்று வருஷம் யாரும் கண்டுகொள்ளவும் இல்லை. கப்பல்கள் வழக்கம்போல ஓடின. ஆள்பிடிக்கும் தரகர்களுக்குக் கேட்பார் இல்லாமல் போயிற்று. சிறுவர்களையும் பெண்களையும் ஏமாற்றி ஏற்றுகிறார்கள், கடத்துகிறார்கள் என்று தஞ்சை மாவட்ட அதிகாரிகள் புகார் எழுப்பிய பிறகுதான், இந்தப் போக்குவரத்தே சட்டவிரோதம் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 1870இல் கூலி ஏற்றுவதைத் தடுத்தார்கள். தோட்ட முதலாளிகள் அலறினார்கள், கரும்பு வெட்ட ஆளில்லை. 1872இல் இந்திய அரசு ஒரு சட்டம் போட்டு, நீரிணைக் குடியேற்றங்களுக்குக் குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. கவனியுங்கள், பாதுகாப்பு தரும் சட்டத்துக்குள் அந்தப் பயணத்தைக் கொண்டுவரவில்லை. சட்டத்துக்கே வெளியே தள்ளிவிட்டார்கள். காலனிப் பக்கத்தில் இந்தியக் குடியேறிகளுக்கென்று பாதுகாப்புச் சட்டம் 1876இல் வந்தது. இடைப்பட்ட அந்த ஒன்பது ஆண்டுகளில் போனவர்களைப் பற்றி இரு அரசுகளுமே முறையாகப் பொறுப்பேற்கவில்லை. நம் ஊர்களில் "கடாரம் போனார், திரும்பவில்லை" என்று சொல்லும் குடும்பங்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தா அந்த ஒன்பது ஆண்டுகளில் போனவராக இருக்கலாம்.

அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தமிழில் ஒரு வரி எழுத்தும் என் கண்ணில் பட்டதில்லை. சிங்கப்பூரில் தமிழ்ப் பத்திரிகை தலையெடுத்ததே 1870களில்தான். 1867இல் அங்கே ஆங்கிலப் பத்திரிகைகள் இருந்தன, அவற்றில் தமிழர் வருவது பெரும்பாலும் போலீஸ் கோர்ட்டுச் செய்தியில்.

குடும்பத்தில் யாராவது அந்தக் காலத்தில் போயிருந்து, தடயம் தேட நினைப்பவர்களுக்கு இந்த ஆண்டு ஒரு நடைமுறை விஷயமாகவும் பயன்படும். 1867 ஏப்ரலுக்கு முந்தைய காகிதங்கள் இந்திய நிர்வாகத்தின் கோப்புகளில் இருக்கும்: சென்னை, கல்கத்தா ஆவணக்காப்பகங்கள், லண்டனில் இந்தியா ஆபீஸ் சேகரிப்பு, சிங்கப்பூர் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள நீரிணைக் குடியேற்றப் பதிவுகள். அதற்குப் பிந்தையவற்றுக்குக் காலனி அமைச்சகக் கடிதங்களைப் பார்க்க வேண்டும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் சி.ஓ. 273 என்ற வரிசை எண்ணில் இருக்கின்றன. கூலியின் பெயர் தனியாகக் கிடைப்பது அரிது. கப்பலின் பெயரோ தோட்டத்தின் பெயரோ வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அங்கிருந்து தொடங்குங்கள்.